மடிக்கணனிக்கு இன்னொரு திரை



உங்கள் வீட்டில் மடிக்கணனியை எங்கே வைத்துப் பாவிக்கிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் அதற்கென ஓர் இடம் கிடையாது. காலையில் சாப்பாட்டு மேசை. அங்கே இடியப்பத் தட்டு வந்துவிட்டால் கட்டில். கட்டிலில் குழந்தை தூங்கிவிட்டால் கீழே விரித்த பாய். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் பாடசாலைகளும் அலுவலகங்களும் மூடப்பட்ட நாட்களில் ஆரம்பித்த பழக்கம் இது. தொற்று அடங்கிவிட்டது, பழக்கம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. ஆசிரியையாக இருக்கும் சகோதரி வினாத்தாள் தயாரிப்பதும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ஒப்படை எழுதுவதும், வீட்டிலிருந்தபடியே கம்பனியொன்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் மருமகள் உழைப்பதும் எல்லாம் அந்தப் பதினைந்து அங்குலத் திரைக்குள்தான்.

இந்த மூவரையும் விசாரித்துப் பாருங்கள். கழுத்தின் பின்பக்கம் நோவு, தோளில் கல் வைத்தாற் போன்ற பாரம், அஸருக்குப் பின் கண்ணெரிச்சல், இரவில் தலையிடி என்பார்கள். தைலம் பூசிக்கொண்டு படுப்பார்கள். காரணம் கேட்டால் "வேலை கூட" என்பதே பதில். வேலை கூடத்தான். ஆனால் அதே வேலையை அலுவலக மேசைக் கணனியில் செய்தபோது இவ்வளவு நோகவில்லையே, அது ஏன்?

ஒட்டிக்கொண்ட இரண்டு பொருட்கள்

மடிக்கணனியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. மனித உடம்பிலோ கண்ணும் கையும் ஒரே மட்டத்தில் இல்லை. கைகளுக்கு வசதியாக, முழங்கை மட்டத்தில் கணனியை வைத்தால் திரை தாழ்ந்து போகிறது, கழுத்து குனிகிறது. கண்ணுக்கு வசதியாக உயர்த்தி வைத்தால் கைகள் அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டியதாகிறது, தோள் நோகிறது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நாம் எல்லோரும் கழுத்தையே விட்டுக்கொடுக்கிறோம்.

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடை கொண்டது. நிமிர்ந்து இருக்கும்போது முதுகெலும்பு அந்தப் பாரத்தை இலகுவாகத் தாங்கிக்கொள்கிறது. தலை முன்னால் சாயச் சாயப் பாரம் பெருகுகிறது. நீட்டிய கையில் ஒரு வாளித் தண்ணீரைப் பிடிப்பதற்கும் உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதேதான் இதுவும். நியூயோர்க்கைச் சேர்ந்த முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, தலை 15 பாகை சாய்ந்தால் கழுத்தெலும்பின் மீது விழும் பாரம் சுமார் 12 கிலோ. 30 பாகையில் 18 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. இது ஒரு மாதிரி உருவத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஒவ்வொருவரின் உடம்புக்கும் கிராம் கணக்கில் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் பாயில் உட்கார்ந்து மடியில் கணனியை வைத்திருக்கும் பெண்ணின் தலை எவ்வளவு தூரம் கவிழ்ந்திருக்கிறது என்பதை ஒரு தடவை பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தால் கழுத்து சும்மா இருக்குமா?

நம் முன்னோர் ஓதுவதற்கு ரெஹாலைப் பாவித்தார்கள். வேதத்துக்குரிய கண்ணியம் அதன் முதற் காரணம். அதோடு, பாயில் அமர்ந்து நெடுநேரம் ஓதும் பிள்ளையின் கழுத்துக்கும் அது உதவியது. எழுத்தைக் கண்ணை நோக்கி உயர்த்தினார்கள். தலையை எழுத்தை நோக்கித் தாழ்த்தவில்லை. கணனிக்கும் அதுதான் வழி. திரையை விசைப்பலகையிலிருந்து பிரித்து, அதற்குரிய உயரத்தில் வைக்க வேண்டும். அதற்காகவே மடிக்கணனியோடு சேர்த்துப் பாவிக்கும் தனித் திரை, அதாவது மொனிட்டர் இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த நாகரிகமுமல்ல. கையில் தூக்கிச் செல்லும் கணனிகளில் முதன்முதலாக வியாபாரத்தில் வெற்றி கண்டது 1981இல் வெளிவந்த 'ஒஸ்போர்ன் 1'. எடை சுமார் 11 கிலோ. திரையோ வெறும் 5 அங்குலம். ஒரு வரிக்கு 52 எழுத்துகளே ஒரே தடவையில் தெரியும். அதை உருவாக்கிய அடம் ஒஸ்போர்ன் சிறுபிராயத்தைத் தமிழ்நாட்டின் திருவண்ணாமலையில் கழித்தவர். 2003இல் கொடைக்கானலில் காலமானவர். அவருடைய அந்தக் கணனியிலேயே வெளியிலிருந்து பெரிய திரையொன்றைப் பொருத்த வழி வைக்கப்பட்டிருந்தது. சின்னத் திரை பயணத்துக்குரியது, உட்கார்ந்து வேலை செய்யும்போது பெரிய திரை வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். நாம்தான் பயணத்துக்குரியதை நாள் முழுவதும் பாவித்துக்கொண்டிருக்கிறோம்.

எந்தத் துவாரம், எந்த வயர்?

இனி மடிக்கணனியின் பக்கவாட்டைப் பாருங்கள். கீழ் மூலைகள் இரண்டும் சற்று உள்ளே சரிந்த, ஒரு விரல் அகலமான தட்டைத் துவாரம் இருந்தால் அது எச்.டீ.எம்.ஐ. இன்றைய டீ.வீ.க்களின் பின்புறத்திலும் இதே துவாரம்தான் இருக்கிறது. படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கொண்டுபோகும். இருபக்கமும் ஒரே மாதிரியான முனை கொண்ட வயரொன்றை வாங்கினால் போதும்.

பழைய கணனிகளில் நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 ஓட்டைகளும் இரு பக்கமும் திருகாணி இடங்களும் கொண்ட வீ.ஜீ.ஏ. துவாரம் இருக்கும். 1987இல் வந்தது, இன்னும் வேலை செய்கிறது. அது படத்தை மட்டுமே கொண்டுபோகும், ஒலியைக் கொண்டுபோகாது.

புதிய மெல்லிய கணனிகளில் இவை இரண்டுமே இல்லாமல் யூ.எஸ்.பீ.-சீ என்னும் சிறிய நீள்வட்டத் துவாரம் மட்டும் இருக்கலாம். இங்கேதான் காசு வீணாகிறது. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா யூ.எஸ்.பீ.-சீ துவாரங்களும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. சில சார்ஜ் செய்யவும் கோப்புகளை மாற்றவும் மட்டுமே உதவும். துவாரத்துக்குப் பக்கத்தில் மின்னல் அடையாளமோ, டிஸ்ப்ளே போர்ட் எனப்படும் பட இணைப்பைக் குறிக்கும் அடையாளமோ இருந்தால் படம் வரும். அடையாளம் எதுவும் இல்லையென்றால், கணனியின் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அதன் விபரத்தைப் பார்த்த பின்பே மாற்றி வாங்குங்கள். முடிந்தால் கணனியையே கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது மேல்.

வயரைச் செருகிவிட்டீர்கள். மொனிட்டரின் பொத்தானை அழுத்தி, எந்தத் துவாரத்தில் வயர் இருக்கிறதோ அதையே தெரிவு செய்யுங்கள். "ஒன்றும் வரவில்லை" என்று கடைக்காரரைத் தேடி ஓடுமுன் பார்க்க வேண்டியது இதைத்தான். பிறகு கணனியில் வின்டோஸ் அடையாளமுள்ள விசையை அழுத்திப் பிடித்தபடி பீ எழுத்தை ஒரு முறை தட்டுங்கள். நான்கு தெரிவுகள் வரும். முதலாவது கணனித் திரையில் மட்டும் காட்டும். இரண்டாவதான 'டூப்ளிகேட்' இரண்டிலும் ஒரே காட்சியைக் காட்டும். மூன்றாவதான 'எக்ஸ்டெண்ட்' இரண்டு திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய மேசை போலாக்கும். நான்காவது, வெளித் திரையில் மட்டும் காட்டும்.

இவற்றுள் வேலை செய்பவருக்கு உண்மையான பலன் தருவது எக்ஸ்டெண்ட். மாணவிகளின் விடைகளைப் பெரிய திரையிலும் புள்ளிப் பட்டியலைச் சின்னத் திரையிலும் வைத்துக்கொள்ளலாம். பற்றுச்சீட்டு ஒரு பக்கம், கணக்கேடு மறு பக்கம். ஒன்றை மூடி மற்றதைத் திறந்து, பார்த்ததை மறந்து, மீண்டும் முதலாவதைத் திறக்கும் அலைச்சல் நின்றுவிடும்.

உயரமும் தூரமும்

மொனிட்டரை வாங்கி மேசையின் ஓரத்தில் சாய்வாக வைத்துவிட்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குனிந்த நோவு போய்த் திரும்பிய நோவு வந்துவிடும்! அதிகம் பார்க்கும் திரை உங்கள் மூக்குக்கு நேரே இருக்கட்டும். ஒரு கை நீளத் தூரம் போதும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். கீழ்ப் பாதியில் வாசிப்புக் கண்ணாடி சேர்ந்த இரட்டைக் கண்ணாடி அணிபவர்கள் மட்டும் திரையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் நாடியை உயர்த்தி உயர்த்தியே கழுத்து நொந்துவிடும்.

மொனிட்டரின் கால் குட்டையாக இருந்தால் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். பழைய தொலைபேசி விபரக்கொத்து வீட்டில் கிடந்தால் அதற்குக் கடைசியில் ஒரு வேலை கிடைக்கும். தயவுசெய்து கிதாபுகளை அடியில் வைத்துவிடாதீர்கள்!

மடிக்கணனியைத் திரைக்கு முன்னால் வைத்து அதன் விசைப்பலகையிலேயே தட்டச்சு செய்யலாம். நாள் முழுவதும் தட்டச்சுச் செய்பவராயின் தனியான கீபோர்டும் மவுஸும் வாங்கிவிடுவது நல்லது. ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கமோ திரைக்குப் பின்னாலோ இல்லாமல், பக்கவாட்டில் அமையட்டும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. கண்ணெரிச்சலுக்கு அது முக்கிய காரணம். பெரிய திரை வந்தாலும் அந்த உற்றுப் பார்த்தல் போகாது. ஆகவே 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பாலுள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் வைத்தியர்கள். முற்றத்து மாமரத்தைப் பார்க்கலாம். அடுப்பில் வைத்த கறியையும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வீட்டு டீ.வீ. போதாதா?

வரவேற்பறையில் டீ.வீ. இருக்கும்போது எதற்கு மொனிட்டர் என்று கேட்பது நியாயமான கேள்விதான். பிள்ளைகளுக்குப் பாடம் காட்டவும், குடும்பமாக இருந்து ஒன்றைப் பார்க்கவும், வெளிநாட்டிலுள்ள வாப்பாவோடு எல்லோரும் சேர்ந்து முகம் பார்த்துப் பேசவும் டீ.வீ. போதுமானது. எழுதும் வேலைக்கு அது சரிவராது. காரணம் இதுதான்: படம் எல்லாம் சிறு புள்ளிகளால் ஆனது. 24 அங்குல மொனிட்டர் பெரும்பாலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்டது. ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 92 புள்ளிகள். 32 அங்குல டீ.வீ.க்களில் பலவற்றில் 1366க்கு 768 புள்ளிகளே உள்ளன. அதாவது அங்குலத்துக்கு 49. டீ.வீ. பெரிது, புள்ளியோ குறைவு. தூர இருந்து படம் பார்க்கத் தெரியாத இந்தக் குறை, ஒரு கை நீளத்தில் இருந்து எழுத்தை வாசிக்கும்போது நன்றாகவே தெரியும்.

டீ.வீ.யில் பொருத்திப் பார்க்கையில் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம். அதன் பட அளவுப் பகுதிக்குப் போய் 'ஸ்கிரீன் பிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கான்' என்பதைத் தெரிவு செய்தால் முழுவதும் தெரியும்.

இங்கே எனது தொழிலையும் சற்றுச் சொல்ல வேண்டும். ஸூம் வழியாக ஓதல் வகுப்பு நடத்தும் முஅல்லிமாக்கள் இப்போது நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். 'பா'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'தா'வுக்கு மேலே இரண்டு, 'ஸா'வுக்கு மூன்று. மத்ரஸாவில் பலகையில் பெரிதாக எழுதிக் காட்டியதை, பதினைந்து பிள்ளைகளின் முகங்களும் நிறைந்த சின்னத் திரையின் ஒரு மூலையில் காட்டும்போது, புள்ளி இரண்டா மூன்றா என்று ஆசிரியைக்கே கண் கூசுகிறது. ஹரகத்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுத்துப் பக்கத்தைப் பெரிய திரையிலும் பிள்ளைகளின் முகங்களை மடிக்கணனியிலும் வைத்துக்கொண்டால், யாருடைய வாய் அசைகிறது, யார் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும், புள்ளியும் தெரியும். பிள்ளைகளின் பக்கமும் அப்படித்தான். கைத்தொலைபேசியில் ஓதும் சிறு பிள்ளைக்கு அந்த அரை மணித்தியாலம் மட்டுமாவது டீ.வீ.யைக் கொடுத்துப் பாருங்கள்.

பெரிய திரை எல்லோருக்கும் தெரியும்

இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மடிக்கணனியின் திரை உங்கள் முகத்துக்கு மட்டும் தெரிவது. வரவேற்பறை டீ.வீ. வீட்டுக்கு வருபவர் போகிறவர் அனைவருக்கும் தெரிவது. டூப்ளிகேட் தெரிவில் கணனியில் வருவதெல்லாம் அங்கேயும் வரும். பிள்ளைகளுக்குப் பாடம் காட்டிக்கொண்டிருக்கும்போது, கணனியில் திறந்து வைத்த வட்ஸ்அப்பில் உங்கள் ராத்தா தன் குடும்பக் கஷ்டத்தை எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் வரி மூலையில் பளிச்சிடும். மாமியாரும் வாசிப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வாசிக்கும். உங்களை நம்பிச் சொல்லப்பட்ட அமானிதம் ஒரு நொடியில் வெளியே போய்விடும். ஆசிரியையின் கணனியில் மாணவிகளின் புள்ளிகளும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் இருக்கின்றன. குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன.

ஆகவே பெரிய திரையை இணைக்க முன், வட்ஸ்அப்பையும் மின்னஞ்சலையும் மூடிவிடுங்கள். கணனியில் அறிவிப்புகளை நிறுத்தும் 'டூ நொட் டிஸ்டர்ப்' தெரிவைப் போட்டுவிடுங்கள். சற்றுப் பழைய வின்டோஸில் அதன் பெயர் 'போகஸ் அசிஸ்ட்'. டூப்ளிகேட்டுக்குப் பதில் எக்ஸ்டெண்ட் போட்டு, காட்ட வேண்டிய ஒன்றை மட்டும் இழுத்துப் பெரிய திரையில் விடுவது இன்னும் பாதுகாப்பு. ஸூம் வகுப்பில் திரையைப் பகிரும்போதும் முழுத் திரையைப் பகிராமல், காட்டும் அந்தப் பக்கத்தை மட்டும் தெரிவு செய்யலாம்.

திரை உடைந்த கணனி

பிள்ளை மிதித்துவிட்டது, அல்லது பேனையொன்று உள்ளே இருக்க மூடிவிட்டார்கள். திரை முழுக்கக் கோடும் கறுப்பும். உடனே "கணனி போய்விட்டது" என்று அலுமாரியில் போட்டுவிடுகிறார்கள். அதிலிருக்கும் ஏ.எல். குறிப்புகளும் நிகாஹ் படங்களும் சேர்ந்தே போய்விட்டதாகக் கவலை வேறு. பெரும்பாலும் உடைந்தது திரை மட்டும்தான். எச்.டீ.எம்.ஐ. வயரால் ஒரு டீ.வீ.யில் பொருத்தி, கணனியைத் திறந்து ஒரு நிமிடம் பொறுங்கள். கடவுச்சொல் கேட்கும் பக்கம் டீ.வீ.யில் வந்துவிடும். வராவிட்டால், நாம் சொன்ன அந்த வின்டோஸ் விசையையும் பீயையும் இரண்டு மூன்று தடவை விட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள். முதல் வேலையாகப் படங்களையும் கோப்புகளையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பிறகு திரையை மாற்றுவதா, அந்தக் காசுக்கு ஒரு மொனிட்டர் வாங்கி அதே கணனியை மேசைக் கணனியாக்கிவிடுவதா என்று யோசிக்கலாம். கணனி வீட்டைவிட்டு வெளியே போகத் தேவையில்லாதது என்றால், நான் இரண்டாவதையே சொல்வேன்.

மூடியை மூடினால் கணனி தூங்கிவிடும். அதைத் தடுக்க, 'பவர் ஒப்ஷன்ஸ்' பகுதியில் மூடியை மூடும்போது என்ன செய்வது என்ற இடத்தில் 'டூ நதிங்' என்று மாற்றிவிட வேண்டும். மூடி வைத்துப் பாவிப்பவர்கள் துணி விரிப்பின் மீது கணனியை வைக்காதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும்.

வாங்கும்போது

அலுவலகங்கள் கழித்துவிட்ட பாவித்த மொனிட்டர்கள் கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா போன்ற இடங்களிலும் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் வெட்கம் எதுவுமில்லை. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, முழுக்க வெள்ளையாகவும் முழுக்கக் கறுப்பாகவும் ஒரு தடவை பாருங்கள். இறந்த புள்ளிகளும் மஞ்சள் படிந்த ஓரங்களும் அப்போது தெரியும். எச்.டீ.எம்.ஐ. துவாரம் இருக்கிறதா, கால் உயரும் வகையா என்பதையும் பாருங்கள். 22 அல்லது 24 அங்குலம் ஒரு வீட்டு மேசைக்குத் தாராளம். வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மனைவியோ மகளோ நாளொன்றுக்கு நான்கைந்து மணித்தியாலம் கணனியில் உழைக்கிறார் என்றால், இந்தத் திரையை ஆடம்பரமாகக் கணக்குப் பார்க்காதீர்கள். தையல் வேலை செய்பவருக்கு மெஷின் மேசை வாங்கிக் கொடுத்தவர்கள்தானே நாம்?

இணைத்ததும் கணனியின் சத்தம் நின்றுவிட்டதாகப் பலர் பதறுகிறார்கள். சத்தம் எச்.டீ.எம்.ஐ. வழியாக மொனிட்டருக்குப் போய்விட்டது. அந்த மொனிட்டரிலோ ஒலிபெருக்கி இல்லை. கீழ் மூலையிலுள்ள ஒலி அடையாளத்தைத் தட்டி, கணனியின் சொந்த ஒலிபெருக்கியைத் தெரிவு செய்தால் திரும்பி வந்துவிடும்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். மொனிட்டருக்கு பெற்றரி கிடையாது, அது அணைந்துவிடும். மடிக்கணனி தன் பெற்றரியில் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய திரையில் திறந்திருந்தவையெல்லாம் சில விநாடிகளில் சின்னத் திரைக்கு வந்துவிடும். வராமல் மறைந்திருந்தால் மீண்டும் அதே வின்டோஸ் விசையும் பீயும். மூடி வைத்திருந்தால் திறந்துகொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருந்த வினாத்தாள் அப்படியே இருக்கும்.